'டேபஸ்ட்ரி'யில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி இது: "கரோல் கிங்கின் 'டேபஸ்ட்ரி'யை எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே என்று இரண்டு தடவை கேட்டேன். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பியானோ, ஒரு சுமாரான குரல், அவ்வளவுதானே? அப்படி என்ன இருக்கிறது அதில்?"

1971இல் வந்த இந்த அமெரிக்க ஆல்பத்தைப் பொறுத்தவரை உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. ஒரு பியானோ, மேலே போகும்போது லேசாக இழுபடுகிற கொஞ்சம் கரகரத்த குரல், சுற்றி நாலைந்து பேர், அவ்வளவேதான். அதை வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். அப்படி வைக்க ஏன் தோன்றியது, அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு மூன்றாவது தடவை கேட்டால் வேறு மாதிரி கேட்கும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம சினிமாவில் 'டிராக் பாடுவது' என்று ஒன்று உண்டு. பெரிய பாடகர் வந்து பாடுவதற்கு முன்னால், மெட்டு எப்படிப் போகிறது என்று காட்டுவதற்கு வேறொருவர் பாடி வைப்பார். அப்புறம் அந்தக் குரலை அழித்துவிட்டுப் பெரியவர் குரலைப் போடுவார்கள். கரோல் கிங் ஏறக்குறைய பத்து வருடம் பார்த்த வேலை கிட்டத்தட்ட அதுதான், ஒரே வித்தியாசம், அந்த மெட்டே அவர் போட்டது. 1942இல் நியூயார்க்கில் பிறந்தவர், இயற்பெயர் கரோல் க்ளைன். 17 வயதில் ஜெரி காஃபின் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். இவர் மெட்டு, அவர் வரிகள். பிராட்வே தெருவில் 1650ஆம் எண் கட்டடத்தில் ஆல்டன் மியூசிக் என்ற கம்பெனிக்காக, ஒரு பியானோ மட்டும் கொள்ளும் சின்னச் சின்ன அறைகளில் உட்கார்ந்து பாட்டு தயாரிப்பார்கள். பக்கத்து அறையில் இன்னொரு ஜோடி வேறொரு பாட்டுக்கு மெட்டு தட்டிக்கொண்டிருக்கும், அது சுவர் வழியாக இங்கே கேட்கும். பாட்டு முடிந்ததும் இவரே பியானோ வாசித்துப் பாடி ஒரு டெமோ பதிவு செய்வார். அது பாடகர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் போகும்.

'வில் யூ லவ் மீ டுமாரோ' அப்படி வந்ததுதான். காஃபின் அப்போது பகலில் ரசாயனக் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இவர் மெட்டை வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்துவிட்டு வெளியே போக, அவர் வந்து கேட்டுவிட்டு வரிகளை எழுதினார். ஷிரெல்ஸ் என்ற நான்கு கறுப்பினப் பெண்களின் குழு 1960இல் அதைப் பாடியது. 1961 தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலிடம். ஒரு கறுப்பினப் பெண்கள் குழு அங்கே முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பதிவில் வரும் வயலின்களுக்கும் இசைக்கோப்பு எழுதியது கரோல் கிங்தான். வயது பதினெட்டு. பதினெட்டில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

இப்படி அறுபதுகள் முழுக்க மற்றவர்களுக்கு எழுதித் தள்ளினார். 1968இல் கல்யாணம் முறிந்தது. இரண்டு பெண் குழந்தைகளோடு லாஸ் ஏஞ்சலஸின் லாரல் கேன்யன் பக்கம் குடிபோனார். அங்கே கிட்டாரிஸ்ட் டேனி கோர்ட்ச்மர், பேஸ் வாசிக்கும் சார்லஸ் லார்க்கி (பின்னால் இவரையே மணந்தார்) ஆகியோரோடு 'தி சிட்டி' என்று ஒரு குழு. ஒரே ஒரு ஆல்பம், விற்கவில்லை. மேடை என்றாலே கரோலுக்கு நடுக்கம், அதனால் ஊர் ஊராகப் போய்ப் பாடி விற்கவும் வழியில்லை. 1970இல் தன் பெயரில் முதல் ஆல்பம், 'ரைட்டர்'. அதுவும் ஓடவில்லை. கேட்டுப் பாருங்கள், பாட்டுகள் மோசமில்லை, ஆனால் பல இடங்களில் குரல் வாத்தியங்களுக்குப் பின்னால் எங்கேயோ நிற்கிறது, கல்யாண வீட்டில் மைக் கிடைக்காதவர் பேசுவது மாதிரி. பாதிக்கு மேல் பழைய காஃபின் வரிகள் வேறு.

தன் பெயரில் வந்த இரண்டாவது ஆல்பமான 'டேபஸ்ட்ரி'க்கு லூ ஆட்லர் தயாரிப்பாளராக வந்து உட்கார்ந்தார். இவர் ஒரு காலத்தில் ஆல்டன் மியூசிக்கின் அமெரிக்க மேற்குக் கடற்கரை ஆள். நியூயார்க்கிலிருந்து வரும் கரோல் கிங் டெமோக்களைப் பாடகர்களிடம் போட்டுக் காட்டுவதே அவர் தொழிலாக இருந்தது. அந்த டெமோக்கள் எவ்வளவு நன்றாக இருந்தன என்றால், கேட்க வாங்கிப்போனவர்கள் திருப்பித் தரமாட்டார்களாம். ஆக, ஆட்லருக்கு ஒரு விஷயம் பத்து வருடமாகத் தெரியும்: இந்தப் பெண் தனியாகப் பியானோவில் உட்கார்ந்து பாடியதை, பின்னால் வந்த பெரிய ரெக்கார்டிங்குகள் எல்லா நேரமும் மிஞ்சவில்லை. அந்த டெமோவையே ஆல்பமாக்கினால் என்ன? கேட்கிறவருக்குக் கண்முன்னால் ஒரு பெண் பியானோ முன் உட்கார்ந்து தனக்காகப் பாடுவது தெரிய வேண்டும். 'டேபஸ்ட்ரி'யின் மொத்தத் திட்டமும் இதுதான்.

நீங்கள் 'சுமாரான குரல்' என்றீர்களே, அதற்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. அது டிராக் பாடுகிறவரின் குரல். பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டுவதுதான் அதன் வேலை, தன்னைக் காட்டுவது இல்லை. சங்கதி போட்டு அசத்தும் உத்தேசமே கிடையாது. ஒவ்வொரு சொல்லும் எந்தச் சுரத்தில் விழுகிறது என்பது துல்லியமாகத் தெரியும். அழிக்கப்பட வேண்டிய குரலை அழிக்காமல் விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும், கிட்டார் வாசித்துப் பாடும் ஜேம்ஸ் டெய்லர். அவருக்கும் முதல் ஆல்பம் போணியாகாமல், 1970இல் வந்த 'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்' என்ற இரண்டாவது ஆல்பத்தில்தான் பெயர் கிடைத்தது. அதில் பியானோ வாசித்தவர் கரோல் கிங். நிகழ்ச்சிகளுக்கும் வாசிக்கப் போவார், ஒரு ஓரமாக உட்கார்ந்து வாசித்துவிட்டு வந்துவிடுவார். டெய்லர்தான் நடுவில் ஒரு பாட்டு நீங்களே பாடுங்கள் என்று அவரை முன்னால் தள்ளிவிட்டது. நடுக்கம் மெல்ல விட்டது அங்கேதான்.

சரி, ஸ்டூடியோவுக்கு வருவோம். 1971 ஜனவரி, ஹாலிவுட்டில் ஏ அண்ட் எம் ஸ்டூடியோ. ஒரு காலத்தில் சார்லி சாப்ளின் கட்டிப் படம் எடுத்த இடம். ஏ அறையில் கார்பென்டர்ஸ் குழு, பி அறையில் கரோல் கிங், சி அறையில் பாடகி ஜோனி மிட்செல் தன் 'ப்ளூ' ஆல்பத்தோடு. மூன்றும் ஒரே கட்டடத்தில் என்பதை முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. சி அறையில் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்டெய்ன்வே பியானோ, அதன் மேல் எல்லாருக்கும் கண். ஜோனி வருவதற்குள் ஓடிப்போய் அதில் 'ஐ ஃபீல் தி எர்த் மூவ்' பாட்டை வேகவேகமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று ரெக்கார்டிங் இன்ஜினியர் ஹாங்க் சிகாலோ சொல்லியிருக்கிறார். டெய்லர் ஒருவர் மட்டும் அந்த மாதம் இங்கே கிட்டார், அங்கே கிட்டார், நடுவில் தன் ஆல்பம் என்று அலைந்துகொண்டிருந்தார்.

அந்த 'எர்த் மூவ்' பாட்டுக்கு ஒரு விபரீதமான ஒட்டுக்கதை உண்டு. பாட்டின் பல்லவியே காலடியில் பூமி அசைகிறது என்பதுதான் (காதலைச் சொல்கிறார்). ஆல்பம் வெளிவந்தது பிப்ரவரி 10. முந்தின நாள், பிப்ரவரி 9 காலை ஆறு மணிக்கு, லாஸ் ஏஞ்சலஸின் வடக்கே சான் ஃபெர்னாண்டோ பக்கம் நிஜமாகவே பெரிய நிலநடுக்கம் வந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அன்றைக்குக் கரோல் கிங்கின் 29ஆவது பிறந்தநாள் வேறு. ஆல்பத்தின் முதல் பாட்டாக இதை வைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இனி பாட்டுகள். 'இட்ஸ் டூ லேட்'டை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் எளிமை என்று நீங்கள் சொல்வது உண்மையில் எவ்வளவு வேலைப்பாடு என்பது அதில்தான் பளிச்சென்று தெரியும். கீபோர்டு இருந்தால் வாசித்தே பார்க்கலாம். சரணம் முழுக்க முக்கியமாக இரண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்), ஏ மைனர் செவன், டி சிக்ஸ்த், மாறி மாறி. ஏ-வை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் இந்த இரண்டிலும் வரும் சுரங்கள் எல்லாம் கரகரப்பிரியாவுக்குள் அடங்கிவிடும். (ராகம் என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். சுரங்களை மட்டும் சொல்கிறேன்.) காலையில் எழுந்திருக்காமல் படுத்தே கிடக்கிறாள், ஏதோ சரியில்லை, அழவும் இல்லை, சும்மா ஊசலாடுகிறது. பல்லவிக்கு வரும்போது பி ஃப்ளாட் மேஜர் செவன், எஃப் மேஜர் செவன். இப்போது கவனியுங்கள்: பி என்ற சுரம் பி ஃப்ளாட் ஆகிவிட்டது, எஃப் ஷார்ப் வெறும் எஃப் ஆகிவிட்டது. அதாவது ரிஷபமும் தைவதமும் ஆளுக்கு அரை சுரம் கீழே இறங்கிவிட்டன. 'முடிந்துபோயிற்று' என்று அவள் சொல்லும் அதே இடத்தில் தரை இரண்டு இடத்தில் அமுங்குகிறது. ஆனால் கார்டுகள் மேஜர், அதனால் காதுக்குச் சோகமாக இல்லை, ஒரு பெரிய மூச்சு விட்ட மாதிரி இதமாக இருக்கிறது. முறிவு, கூடவே ஒரு ஆசுவாசம், இரண்டும் ஒன்றாக. நூறு வயலின் வைத்தாலும் இது வராது.

வரிகளை எழுதியவர் டோனி ஸ்டெர்ன் என்ற பெண். யார் மேல் தப்பு என்ற பேச்சே இல்லை, நம்மில் ஒருவர் மாறினோமோ, இருவருமே முயற்சி செய்வதை விட்டோமோ, தெரியவில்லை, போய்விட்டது, அவ்வளவுதான். பிரிவைப் பற்றிய பாட்டென்றால் கெஞ்சலோ சாபமோ இருக்க வேண்டும் என்ற காலத்தில், ஒரு பெண் நிதானமாகக் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புகிறாள். நடுவில் கோர்ட்ச்மரின் கிட்டாரும் கர்டிஸ் ஏமியின் சோப்ரானோ சாக்ஸபோனும் பேசிக்கொள்வதையும் விட்டுவிடாதீர்கள்.

'யூ'வ் காட் எ ஃப்ரெண்ட்' நீங்கள் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள், டெய்லர் குரலிலாவது. இதிலும் அதே மாதிரி ஒரு சூட்சுமம். மனம் உடைந்து கிடக்கிறாய் என்று சொல்லும் சரணம் எஃப் மைனரில், என் பெயரைக் கூப்பிடு வந்துவிடுகிறேன் என்னும் பல்லவி ஏ ஃப்ளாட் மேஜரில். ஏறக்குறைய அதே சுரங்கள்தான், ஆதாரம் மட்டும் நகர்கிறது, நம் ஆட்கள் கிரகபேதம் என்பார்களே அது. டிரம்ஸே கிடையாது. டெய்லர் ஒரு பாட்டில் தனிமையில் நண்பன் கிடைக்கவில்லை என்று பாடியிருந்தார், அதற்குப் பதிலாக இது பிறந்தது என்று ஒரு பேச்சு. எப்படியோ, டெய்லருக்குப் பிடித்துப்போய்த் தன் ஆல்பத்தில் பாடினார். அந்தக் கோடையில் 'இட்ஸ் டூ லேட்' ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்துவிட்டு இறங்கி, கொஞ்ச நாளிலேயே டெய்லர் பாடிய இது முதலிடத்துக்கு ஏறியது.

எனக்கு ஆல்பத்தின் உச்சம் இது இரண்டும் அல்ல, 'வில் யூ லவ் மீ டுமாரோ'. ஷிரெல்ஸ் பாடியது மூன்று நிமிடம்கூட இல்லை, துள்ளலான தாளம், மேலே வயலின். நாளைக்கும் என்னைக் காதலிப்பாயா என்று கேட்கிற பெண்ணுக்குப் பதினேழு, பதினெட்டு வயது இருக்கலாம், பதில் 'ஆமாம்' என்று வந்துவிடும் என்று பாதி நம்புகிறாள். இங்கே அதையே பாதி வேகத்தில் இழுத்து நாலு நிமிடத்துக்கு மேல் பாடுகிறார். ஒரு வரி மாறவில்லை. பாடுகிறவருக்கு 28 வயது, வரிகளை எழுதிய புருஷனை விட்டுப் பிரிந்தாயிற்று, இரண்டு குழந்தைகள், அந்த 'நாளை' வந்தும் போய்விட்டது. பின்னால் கூடச் சேர்ந்து பாடும் குரல்கள் டெய்லரும் ஜோனி மிட்செலும். அட்டையில் 'மிட்செல் டெய்லர் பையன்-பெண் பாடகர் குழு' என்று விளையாட்டாகப் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் இருவரும் காதலர்கள், அதுவும் நீடிக்கவில்லை. இதெல்லாம் தெரியாமல் கேட்டாலும் பாட்டு நன்றாகத்தான் இருக்கும். தெரிந்து கேட்டால் கொஞ்சம் தொண்டை அடைக்கும்.

கடைசிப் பாட்டு 'நேச்சுரல் வுமன்' 1967இல் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினுக்காக எழுதியது. தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் தெருவில் காரை நிறுத்தி, இந்தத் தலைப்பில் ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டாராம், புருஷனும் பெண்டாட்டியும் அன்று ராத்திரியே எழுதிவிட்டார்கள். அரீத்தா பாடியது கோபுரம். அதைத் தாண்ட யாராலும் முடியாது என்பது கரோல் கிங்குக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அதனால் அவர் போட்டியே போடவில்லை: பியானோவும் லார்க்கியின் பேஸும் மட்டும், வேறு ஒரு வாத்தியம் கிடையாது. அரீத்தா கேட்பதற்கு முன்னால் அந்தப் பாட்டு அறையில் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறார். டெமோ என்றேனே, இதுதான் அசல் டெமோ.

எல்லாமே தங்கம் என்று சொல்லமாட்டேன். 'ஸ்மாக்வாட்டர் ஜாக்' துப்பாக்கி தூக்கிய ஒரு போக்கிரியின் கதை, ஜாலியாக இருக்கும், ஆனால் இந்த வீட்டுக்கு வழி தவறி வந்த விருந்தாளி மாதிரி நிற்கும். நான் பல தடவை தாண்டிவிடுவேன். 'வேர் யூ லீட்' நீ எங்கே கூட்டிப்போனாலும் பின்னால் வருவேன் என்கிற பாட்டு. பெண்ணுரிமைப் பேச்சு வலுத்த காலத்தில் கரோல் கிங்கே அதை மேடையில் பாடுவதை நிறுத்திவிட்டார். பிற்பாடு 2000இல் 'கில்மோர் கேர்ள்ஸ்' தொடருக்காக வரிகளைத் திருத்தித் தன் மகள் லூயிஸோடு சேர்ந்து பாடினார், தாய் மகளுக்குச் சொல்வதாக. அந்த அர்த்தத்தில் அது பொருந்தியும் போயிற்று.

எண்கள் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 15 வாரம் தொடர்ந்து முதலிடம். அமெரிக்கப் பட்டியலில் கிட்டத்தட்ட ஆறு வருடம், 300 வாரத்துக்கு மேல். 1972இல் நான்கு கிராமி. விழாவுக்கு அவர் போகவில்லை, பிறந்து இரண்டரை மாதமான கைக்குழந்தையோடு வீட்டிலேயே இருந்துவிட்டார், லூ ஆட்லர் போய் வாங்கிவந்தார். 12 பாட்டில் ஏழு அவரே தனியாக, மெட்டும் வரியும். பத்து வருடம் இன்னொருவர் வரிக்கு மெட்டுப் போட்டவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அட்டைப் படத்தையும் ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். லாரல் கேன்யன் வீட்டில் ஜன்னல் ஓரம், ஜீன்ஸ், வெறும் கால், வாரிவிடாத சுருட்டை முடி, கையில் அவரே செய்துகொண்டிருந்த தையல் வேலை. முன்னால் டெலிமகஸ் என்ற பூனை. எங்கேயோ தலையணையில் தூங்கிக்கொண்டிருந்ததைப் புகைப்படக்காரர் ஜிம் மெக்கிராரி தலையணையோடு தூக்கிவந்து ஜன்னலில் வைத்தார், சில படம் எடுப்பதற்குள் அது எழுந்து போய்விட்டது. வெளிச்சம் ஜன்னலிலிருந்து வருவதுதான். பாட்டுகள் எப்படியோ படமும் அப்படியே.

மூன்றாவது தடவை கேட்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள், 'வே ஓவர் யாண்டர்' முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள், இசைத்தட்டில் அங்கேதான் பக்கம் திருப்ப வேண்டும். ஷிரெல்ஸ் பாட்டையும் அரீத்தா பாட்டையும் முதலில் ஒரு தடவை கேட்டுவிட்டு இந்த இரண்டாம் பக்கத்தைப் போடுங்கள். இரவில், ஹெட்ஃபோனில். அதற்கப்புறமும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் விட்டுவிடுங்கள், தப்பே இல்லை, 'ஸ்வீட் பேபி ஜேம்ஸ்' எடுத்துக் கேளுங்கள். அதிலும் பியானோ இவர்தான்.